குரல் கேட்டால் அழித்துவிடவும்

1

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுகிறார்கள். "அங்க என்ன வேலை பண்றே?" மந்தைவெளி மார்க்கெட்டில் கீரை வாங்கும்போதுகூடக் கேட்டார்கள். "பறவைச் சத்தம் கேக்கற வேலை" என்று சொன்னால் சிரிப்பார்கள். அதற்கா ஜெர்மனி போக வேண்டும், இங்கே ஜன்னலைத் திறந்தால் போதுமே என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். விளக்க ஆரம்பித்தால் கீரை வாடிவிடும்.

இந்த முறை அப்பாவின் திவசத்துக்காகச் சென்னை போய்த் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. அந்தப் பயணத்துக்கு முன்பு ஆபீசில் ஒரு விஷயம் நடந்தது, பயணத்தில் ஒன்று நடந்தது. இரண்டும் மனதிலிருந்து இறங்க மாட்டேன் என்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வட ஜெர்மனியில் கடலை ஒட்டிய ஒரு சிறு ஊர். வருடத்தில் பாதி நாள் வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிபோல இருக்கும். இங்கே ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை. சதுப்பு நிலங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி வைப்பார்கள். அவை இரவும் பகலும் பதிவு செய்துகொண்டே இருக்கும். அத்தனையையும் உட்கார்ந்து கேட்க மனிதர்களால் ஆகாது. செயற்கை நுண்ணறிவு கேட்கும். கேட்டு, இது கொக்கு, இது மீன்கொத்தி, இது மழை என்று துண்டு துண்டாகப் பெயர் போடும். அதற்குச் சந்தேகமாக இருக்கும் துண்டுகள் மட்டும் என் ஹெட்போனுக்கு வரும். நான் கேட்டுச் சரி என்றோ தவறு என்றோ குறிப்பேன். என் திருத்தங்களைப் படித்துத்தான் அது அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தெளிவாகும். அது தெளிவாகத் தெளிவாக எனக்கு வரும் துண்டுகள் குறையும். எனக்குப் பதிலாக வரப்போவதற்கு நானே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் மேலாளர் காத்ரினிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

காத்ரின் பறவை ஆய்வாளர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று வாத்து எண்ணியே தலை நரைத்தவள். "அது தூங்குவதில்லை. நான் தூங்குகிறேன். அதனால் அதுவும் வேண்டும்" என்பாள்.

2

போன வருடம் எங்கள் நிலையத்துக்கு ஒரு சென்னை வேலை வந்தது. அடையாறு கடலில் சேருமிடத்தில் பறவைகளைக் கணக்கெடுக்க வேண்டும். அங்கே கருவிகளைக் கட்டுவதும் நேரில் போய்ப் பறவை எண்ணுவதும் நிவேதா என்ற பெண். திருவான்மியூர்க்காரி. சூழலியல் படித்தவள். பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பது நாங்கள். ஆபீசில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "உன் ஊராச்சே!"

என் ஊர்தான். பள்ளிக்கூட நாட்களில் தினமும் பஸ்ஸில் அடையாறு பாலத்தைக் கடந்திருக்கிறேன். நாற்றம் பொறுக்காமல் தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாலம் முடிகிறதா என்று பார்த்தபடி. ஒருநாளும் கீழே எட்டிப் பார்த்ததில்லை. அங்கே பறவைகள் இருந்தன என்பதே எனக்குத் தெரியாது. கீழே நின்ற மனிதர்களையும் தெரியாது.

முதல் பதிவு வந்த அன்று ஹெட்போனை மாட்டியதும் காகம். அதன் பின்னால் எங்கோ லாரியின் ஹாரன். அதற்கும் பின்னால் மசூதியின் பாங்கா, கோவில் ஒலிபெருக்கியா என்று பிரிக்க முடியாத ஓர் இழுவை. வெளியே ஜன்னலில் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

அடிக்கடி வந்த குரல்களில் ஒன்று சிவப்பு மூக்குள்ள நீள்கால் பறவை. ஆள் நடமாட்டம் கண்டால் ஊரைக் கூட்டும். அதற்குத் தமிழில் ஆள்காட்டி என்று பெயர் என்பதை நிவேதாதான் சொன்னாள். பெயரின் பொருளைக் காத்ரினுக்கு விளக்கினேன். "காட்டிக்கொடுப்பவளா?" என்று கேட்டாள். இல்லை, ஆள் வருவதைக் காட்டுபவள் என்றேன். இரண்டுக்கும் ஜெர்மனில் வித்தியாசம் சொல்லத் திணறினேன்.

இனி முக்கியமான விஷயம். இங்கே தனிமனிதத் தகவல் பாதுகாப்பு பெரிய சட்டம். பறவைக்காக வைத்த கருவியில் மனிதக் குரல் விழுந்தால் அதை அழித்துவிட வேண்டும். மனிதக் குரல் என்று தெரிந்த நொடியே அழிக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை அரை நாள் பயிற்சி, பிறகு கையெழுத்து. அதுவரை எனக்கு அதில் சிரமமே இருந்ததில்லை. ஜெர்மன்காரர்கள் சதுப்பு நிலத்தில் அதிகம் பேசுவதில்லை.

ஒருநாள் காலைப் பதிவில் இயந்திரம் 'மயில்?' என்று ஒரு துண்டை அனுப்பியது. கேட்டேன். மயில் இல்லை. ஒரு பெண் தண்ணீருக்குக் குறுக்கே கத்துகிறாள்.

"இன்னாய்யா, வல சிக்கிக்கிச்சா?"

ஓர் ஆணின் குரல், தூரத்திலிருந்து: "சிக்கல. கல்லு. நீ கம்முனு இரு ஜோதி."

'மனிதர்' என்று குறித்து அழித்தேன். ஆனால் முழுவதும் கேட்ட பிறகுதான் அழித்தேன்.

அதிலிருந்து தினமும் வந்தார்கள். விடியும் நேரம். அவள் ஜோதி. அவள் புருஷன் ஏழுமலை, வலை வீசுபவர். அவர் பெயரை அவள் சொல்லவே மாட்டாள். வேறு யாரோ கரையிலிருந்து கூப்பிட்டபோது தெரிந்துகொண்டேன். "அங்க வாணாம், கண்ணாடி கெடக்குது, கால கிழிச்சிக்கப் போற" என்பாள். "நாஸ்தா இன்னாத்துக்கு இவ்ளோ லேட்டு?" என்பார் அவர். சில நாள் சண்டை. அரசாங்கம் அவர்களுடைய குடியிருப்பைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு தரப்போகிறது போலிருந்தது.

"அங்க போய்ட்டா தண்ணிக்கு எப்டிய்யா வர்றது?"

"பஸ்ஸு வுடுவான்."

"விடியங்காட்டியும் உனக்குன்னு எவன் பஸ்ஸு வுடுவான்?"

இயந்திரம் அவர்களைப் பல பேரில் அனுப்பியது. மயில், நாரை, ஒருமுறை நாய். ஒவ்வொன்றையும் நான் 'மனிதர்' என்று திருத்தினேன். கேட்டுவிட்டுத்தான் திருத்தினேன்.

3

என் மகன் ரிஷி அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். இப்படியே எங்கள் வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் மாலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஜோதியைப் பற்றி அவனிடம் சொன்னேன். களைப்பில் நானே ஜெர்மனில் சொல்லத் தொடங்கி நாக்கு பிசகிவிட்டது. ஜெர்மனில் 'கேட்டேன்' என்பதற்கும் 'சொந்தம்' என்பதற்கும் ஒரே சொல்தான், வாக்கியம் அமைவதில்தான் வித்தியாசம். ஜோதியின் குரலைக் கேட்டேன் என்று சொல்ல நினைத்து, ஜோதி எனக்குச் சொந்தம் என்று சொல்லியிருக்கிறேன்.

ரிஷி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான்: "முரளி மாமாவிடம் கடைசியாக எப்போது பேசினாய்? இந்த ஆட்களைத் தினமும் கேட்கிறாயே."

முரளி என் தம்பி. மந்தைவெளி வீட்டில் இருப்பவன். அப்பா படுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தவன். கடைசியாக எப்போது பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. உருளைக்கிழங்கை உரித்து முடித்தேன்.

4

மழைக்காலம் முடிந்து அறிக்கையின் வரைவு வந்தது. சென்னைப் பகுதியைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். பறவைக் கணக்கு சரியாகவே இருந்தது. நிவேதா கண்ணால் எண்ணியதும் இயந்திரம் காதால் எண்ணியதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பிறகு ஒரு வரைபடம். விடியற்காலையில் மனிதக் குரல் பதிவான தடவைகள் (குரலை அழித்தாலும் எண்ணிக்கை நிற்கும்), ஆள்காட்டி எச்சரித்துக் கத்திய தடவைகள். இரண்டும் மலைபோல ஏறியிருந்தன. கீழே ஒரு வாக்கியம்: 'தொடர்ச்சியான, பெரும் எண்ணிக்கையிலான மனித நடமாட்டம்.' அதற்குக் கீழே பரிந்துரை: கரைப் பாதையை வேலியிட்டு மூடலாம்.

பெரும் எண்ணிக்கை! இரண்டு பேர். ஜோதியும் ஏழுமலையும் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட நாளில் அந்த வரைபடத்தில் ஒரு திருவிழாவே நடந்திருந்தது.

நிவேதாவை அழைத்துக் கேட்டேன். "அக்கா, நான் போறப்போ வெயில் ஏறிடும், அவங்க கெளம்பிடுவாங்க. சேத்துல காலடி பாத்திருக்கேன். ஆளப் பாத்ததில்ல" என்றாள்.

காத்ரினின் அறைக்குப் போனேன். இந்த வாக்கியம் தவறு, இரண்டே பேர்தான் என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"குரல் தெரியும்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "குரல் தெரியும் என்றால்?"

"ஒரே பெண், ஒரே ஆண். தினமும்."

"அப்படியென்றால் ஆளை அடையாளம் கண்டிருக்கிறாய். எவ்வளவு நேரம் கேட்டாய்?"

"முழுவதும்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "இதோ பார். இதை நான் கேட்டதாக இருந்தால் எழுத வேண்டும். தகவல் பாதுகாப்பு அதிகாரிக்குப் போகும். உன் கோப்பில் ஏறும். கேட்கவில்லை என்றால் நீ உன் இருக்கைக்குப் போகலாம். ஆனால் அந்த வாக்கியம் அப்படியேதான் இருக்கும். ஆளை எண்ண நமக்கு அனுமதி இல்லை. குரலை எண்ணத்தான் அனுமதி."

அவள் கெட்டவள் இல்லை. எனக்கு ஒரு வழி விட்டுத்தான் பேசினாள். என் ஒப்பந்தம் அடுத்த கோடையில் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பது இருவருக்கும் தெரியும். ரிஷியின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு கணத்தில் வந்து நின்றன. ஜோதிக்கு நான் யார்? அவள் என் குரலைக் கேட்டதுகூட இல்லை.

"எழுது" என்றேன்.

எழுதினாள். அதிகாரி வந்து மிக மரியாதையாக என்னை விசாரித்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. சென்னைப் பதிவுகளைத் திறக்கும் அனுமதி போயிற்று. அறிக்கையில் வாக்கியம் மாறியது: 'இரு நபர்களாக இருக்கக்கூடும், உறுதி செய்யப்படவில்லை.' பரிந்துரையைக் காத்ரின் நிறுத்திவைத்தாள்.

இன்னொன்றும் நடந்தது. மனிதக் குரல் வந்தால் கருவியிலேயே, அங்கேயே, அழிந்துபோகும்படி ஒரு புதிய வடிகட்டி. எத்தனை தடவை அழித்தது என்ற எண் மட்டும் இங்கே வரும். சென்னைத் தமிழை அது அவ்வளவு நன்றாக அடையாளம் காண்கிறதாம். அத்தனையும் என் திருத்தங்களிலிருந்து கற்றது.

5

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் சென்னையில் இறங்கினேன். முரளி விமான நிலையத்துக்கு வந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. கிண்டி தாண்டியதும் கேட்டான்.

"ரிஷி வரலையா?"

"பரீட்சை."

"ம்" என்றான்.

திவசம் நல்லபடியாக நடந்தது. மொட்டை மாடியில் பிண்டம் வைத்துவிட்டு முரளி "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றான். எங்கள் இயந்திரம் கேட்டால் காகம் என்று போட்டிருக்கும், நான் திருத்தியிருப்பேன் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு காகம் வந்தது. சாப்பிட்டது. முரளி ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, நாளை விடியற்காலை ஆற்றுக்குப் போகிறேன் என்று சொன்னபோதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"நீ அப்பா திவசத்துக்கு வந்தியா, கொக்கு பாக்க வந்தியா?"

"ரெண்டு பேரப் பாக்கணும்டா."

"யாரு?"

சொன்னேன். எச்சரிக்கை வந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"யாருன்னே தெரியாதவாளுக்காக வேலைய பணயம் வெச்சிருக்கே. நான் இங்க ஒண்டியா எல்லாத்தையும் பாத்துண்டிருக்கேன். என்னடா, எப்படி இருக்கேன்னு ஒரு போன் உண்டா உங்கிட்டேர்ந்து?"

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரங்களை எடுத்து வைத்தான். மறுநாள் விடியுமுன் அவனே ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தான். "ஏறு. ஆட்டோக்காரன் பட்டினப்பாக்கம்னா எரநூறு கேப்பான்."

நிவேதா கரையில் காத்திருந்தாள். தொலைபேசியில் கேட்ட குரலைவிட ஆள் சிறியவள். முரளி ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்துகொண்டான். நாங்கள் முட்செடிகளை விலக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். தண்ணீர் வடிந்து சேறு மின்னியது. ஒரு கம்பத்தில் அந்தச் சோப்புப் பெட்டி. அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரு பெண் நைட்டியின் மேல் சட்டை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கூடையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு ஓர் ஆள். ஆள்காட்டி கத்தத் தொடங்கியது.

"யாரும்மா? இன்னா வோணும்?"

அந்தக் குரல். கூட்டத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஆனால் முகம் நான் நினைத்ததே இல்லை. என் மனதில் அவள் ஒல்லி. நேரில் வாட்டசாட்டமாக, கன்னம் உப்பி, என் வயது இருப்பாள்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பெட்டியைக் காட்டினேன். பறவைச் சத்தம் பிடிக்கும் மெஷின், ஜெர்மனியில் உட்கார்ந்து கேட்பது நான், நீங்கள் பேசுவதும் அதில் விழுந்தது என்றேன்.

அவள் கை மீனில் நின்றது. "பேசறதுன்னா? இன்னா பேசறது?"

"எல்லாம். வலை சிக்கினது, வீடு மாத்தறது..."

"சண்ட?"

"அதுவும்."

"யோவ்!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "இங்க வா! இந்தம்மா ஃபாரின்ல குந்திக்கினு நம்ம சண்டைய கேட்டுக்கினு இருந்துச்சாம்!" என்னிடம் திரும்பினாள். மரியாதை போய்விட்டது. "இன்னாமா நீ? ஊட்டுக்குள்ளதான் பேச முடியல, பத்துக்கு பத்து. இங்க வந்து நாலு வார்த்த பேசிக்கினா அதையும் மெஷின் வெச்சி கேப்பியா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேங்க. சட்டம் அப்படி."

"அழிச்சிட்டியா? அப்ப எதுக்கு கேட்ட?"

நிவேதா ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நடந்ததைச் சொன்னேன். நிறையப் பேர் வருகிறார்கள் என்று மெஷின் கணக்குப் போட்டதையும், வேலி போடச் சொன்னதையும், இல்லை இரண்டே பேர்தான் என்று நான் எழுத வைத்ததையும். எச்சரிக்கை வந்ததைச் சொல்லவில்லை. அது அவளுக்கு எதற்கு?

ஜோதி கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள்.

"ரெண்டு பேருன்னா எழுதன?"

"ஆமாம்."

"மூணு பேரு."

மீன் செதில் ஒட்டிய விரலை நீட்டினாள். வலை வீசுபவருக்கு அப்பால், பாசி படர்ந்த கற்களின் ஓரத்தில், தண்ணீருக்கு மேல் ஒரு தலை மட்டும் தெரிந்தது. நான் அதை மிதக்கும் பானை என்று நினைத்திருந்தேன். ஒரு பெண். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் ஆற்றின் அடியைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தாள். வாயில் ஒரு சிறிய ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

"என் நாத்தனா. கஸ்தூரி. கையாலதான் எறா புடிப்பா. வாய்ல பறி கீது, எப்டி பேசுவா?"

கண்ணாடி கிடக்கிறது, அங்கே போகாதே என்று ஜோதி தினமும் கத்தியது புருஷனிடம் இல்லை, இவளிடம். அவ்வளவு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவள் நான்.

ஜோதி கூப்பிட்டதால் கஸ்தூரி கரைக்கு வந்தாள். மெலிந்த பெண். விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பறியை வாயிலிருந்து எடுத்துத் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டாள். உள்ளே இறால்கள் துடித்தன. ஜோதி சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். நாம் பேசியதையெல்லாம் இந்தம்மா கேட்டுக்கொண்டிருந்ததாம்.

கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எங்க பேசுனேன்?" என்றாள்.

குறை சொல்வதுபோல இல்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டாள். பிறகு, தண்ணீர் ஏறிவிடும் என்று ஜோதியிடம் முணுமுணுத்துவிட்டு, பறியைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஆற்றில் இறங்கினாள்.

மேலே வந்தபோது முரளி கேட்டான். "பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"ஒனக்கு நிம்மதியா?"

"இல்லடா" என்றேன். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். வழியில் ஒரு கடையில் நிறுத்தி இருவரும் காபி குடித்தோம். அவனுடைய சர்க்கரை அளவைப் பற்றி, மனைவியின் முட்டிவலியைப் பற்றி, மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் முழுவதும் கேட்டேன்.

6

திரும்பி வந்ததும் காத்ரினிடம் சொன்னேன். மூன்று பேர். "கண்ணால் பார்த்தாயா? அங்கே நின்று?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்படியானால் சிக்கலே இல்லை. அது களப் பார்வை." நிவேதாவின் பெயரில் ஒரு வரி சேர்த்தார்கள். பாதையை மூடும் பரிந்துரையை எடுத்துவிட்டார்கள். அறிக்கை போய்ச் சேர்ந்தது.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. கோடையில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டார்கள். அறிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது வேறு திட்டம், வேறு ஆபீஸ். ஜோதி குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் வீடு. ஏழுமலைக்கு அங்கேயே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை என்று நிவேதா சொன்னாள்.

எனக்கு ஒப்பந்தத்தை ஒரு வருடம் மட்டும் நீட்டித்தார்கள். இப்போது வடகடல் வாத்துகளைக் கேட்கிறேன். போன வாரக் கூட்டத்தில் சென்னையின் புதிய கணக்கைத் திரையில் காட்டினார்கள். மனிதக் குரல்: பூஜ்யம். எத்தனையோ வாரங்களாகப் பூஜ்யம். பறவைகள் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆள்காட்டி மட்டும் விடியற்காலையில் விடாமல் கத்துகிறது, காரணம் தெரியவில்லை, இயந்திரத்தின் பிழையாக இருக்கலாம் என்றார்கள்.

அன்று மாலை நிவேதாவை அழைத்தேன். இந்த வாரம் முதல் அவளும் விடியும் முன்பே போகிறாளாம்.

"பிழையெல்லாம் இல்லக்கா. கஸ்தூரி வராங்க. தனியா. மொத பஸ்ஸப் புடிச்சி, ரெண்டு பஸ் மாறி. நம்ம பெட்டிக்கு நேர் கீழதான் எறங்குறாங்க."

"ஏதாவது பேசினாளா?"

"எங்கக்கா பேசறது? வாயில பறி."